இரண்டாம் பாதியில் சற்றே தொய்வு

"அழறாருங்க," என்று தயாரிப்பாளரின் காதோரம் சொன்னார் இயக்குநர்.

அந்தச் சின்னத் திரையரங்கின் கடைசி வரிசையிலிருந்து இருவரும் எட்டிப் பார்த்தார்கள். முன்னால் ஒற்றை ஆளாக உட்கார்ந்திருந்த விமர்சகரின் தலை நெஞ்சில் கவிழ்ந்திருந்தது. திரை வெளிச்சத்தில் அவர் தாடையில் ஒரு துளி பளபளத்தது.

"என் படத்துக்கு இன்னொரு மனுஷன் அழுது இன்னிக்குத்தான் பாக்கறேன்," என்றார் தயாரிப்பாளர். இதுவரை அவர் எடுத்த படங்களுக்கெல்லாம் அவர் மட்டும்தான் அழுதிருக்கிறார்.

அது கண்ணீர் இல்லை, வாயோரம் வழிந்த எச்சில். படத்தின் பெயர் திரையில் வந்து மறைவதற்குள் விமர்சகர் தூங்கிப்போயிருந்தார்.

படம் தொடங்குவதற்கு முன்பே இயக்குநர் பவ்யமாக வந்து, "சார், முன்னாடியே ஒரு விஷயம் சொல்லிடறேன்..." என்று இழுத்தார். விமர்சகர் ஆள்காட்டி விரலை உயர்த்தினார். "படைப்பு பேசணும் தம்பி. படைப்பாளி பேசக்கூடாது." அந்த விரலைப் பார்த்தால் ஊரில் பல பேருக்கு வாய் தானாக மூடிக்கொள்ளும்.

விளக்கு எரிந்ததும் விமர்சகர் பதறி விழித்தார். இயக்குநர் ஓடி வந்தார்.

"சார், ஒரு அஞ்சு நிமிஷம் உக்காந்து பேசலாமா? உங்க யோசனை..."

"பேச என்ன இருக்கு? எழுத்துல பாருங்க." படம் பார்க்காதவர் எவ்வளவு வேகமாக வெளியேற வேண்டுமோ அவ்வளவு வேகமாக வெளியேறினார்.

வீட்டுக்கு வந்தவரை மனைவி ஒரு முறை ஏற இறங்கப் பார்த்தாள்.

"படம் எப்படிங்க?"

"ஆழமான படம்."

"தூக்கமும் ஆழந்தான் போல. நாற்காலித் துணி கன்னத்துல வரிவரியா அச்சடிச்சிருக்கு."

"தூங்கல. கண்ணை மூடிட்டு ஒலியமைப்பைக் கவனிச்சேன்."

"கூடவே நீங்களும் மூக்கால கொஞ்சம் வாசிச்சிருப்பீங்களே!"

விமர்சகர் பேச்சை மாற்றினார். "அதை விடு. எனக்குன்னு தனிக்காட்சி போட்டவங்க, இடைவேளைக்கு ஒரு வாய் காபி கொடுக்கல. எப்பேர்ப்பட்ட தூக்கத்துலயும் காபி வாசனை வந்தா எனக்கு முழிப்பு வந்துடும்."

"தூங்கலேன்னீங்க?"

விமர்சகர் எழுதும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

உள்ளே உட்கார்ந்ததும்தான் பழைய வினை நினைவுக்கு வந்தது. போன மாதம் ஒரு படத்துக்கு, 'நாயகனின் நடனத்தில் புயல் வீசுகிறது' என்று எழுதிவிட்டார். அந்தப் படத்தில் நாயகன் முதல் காட்சியிலிருந்து கடைசி வரை மருத்துவமனைப் படுக்கையில் நினைவில்லாமல் கிடக்கிறான்.

வாசகர்கள் பிய்த்து எடுத்துவிட்டார்கள். பத்திரிகையின் ஆசிரியரான மேடம் அவரைக் கூப்பிட்டு, "இன்னொரு தடவை படம் பாக்காம எழுதினீங்கன்னு தெரிஞ்சா, உங்க பக்கத்தை ராசிபலன் எழுதறவர்கிட்ட கொடுத்துடுவேன். அவராவது, இன்னும் நடக்காததைத்தான் சொல்றேன்னு ஒத்துக்கிட்டுச் சொல்றார்," என்று சொல்லியிருந்தார்.

அந்தப் பக்கம் கைவிட்டுப் போனால் அவர் யார்? டிக்கெட் வாங்கித் தூங்கும் சாதாரண மனிதர்.

அதனால் இந்த முறை நாயகன் பக்கமே போகவில்லை. 'முதல் பாதி விறுவிறுப்பு. இரண்டாம் பாதியில் சற்றே தொய்வு. ஒளிப்பதிவு கண்ணுக்குக் குளிர்ச்சி. கிளைமாக்ஸை முன்பே யூகித்துவிட முடிகிறது.' எல்லாம் இடுப்பில் எலாஸ்டிக் வைத்த வரிகள். எந்தப் படத்துக்கும் மாட்டிவிடலாம், தொளதொளவென்றும் தெரியாது, பிடிக்கவும் செய்யாது.

விமர்சனம் அச்சாகி வந்த அன்றே மேடம் போன் செய்தார்.

"உடனே கிளம்பி வாங்க. அந்த டைரக்டரும் தயாரிப்பாளரும் வந்து என் ரூம்ல உக்காந்திருக்காங்க. உங்க விமர்சனத்தைப் பத்தித்தான்."

விமர்சகர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். போகும் வழியெல்லாம் ராசிபலன்காரரின் முகமே கண்முன் வந்தது.

மேடத்தின் மேஜையில் அவருடைய பக்கம் விரித்துக் கிடந்தது. ஒரே ஒரு வரியின் கீழே சிவப்புக் கோடு.

"சார், இந்த வரி நீங்க எழுதினதுதானா?" என்று கேட்டார் தயாரிப்பாளர்.

விமர்சகர் குனிந்து பார்த்தார். 'கிளைமாக்ஸை முன்பே யூகித்துவிட முடிகிறது.'

போன உயிர் திரும்பி வந்தது. போயும் போயும் இதுவா? எத்தனையோ படங்களுக்கு எழுதி, ஒருவர்கூட மறுத்துப் பேசாத வரி! ஆள்காட்டி விரல் தானாக உயர்ந்தது.

"நான் எழுதினதுதான். மனசுல பட்டதை அப்படியே எழுதறவன் நான். மழுப்பத் தெரியாது."

"அப்ப நிஜமாவே யூகிச்சிட்டீங்களா சார்?" என்று எழுந்தே விட்டார் இயக்குநர்.

"இதுல யூகிக்க என்ன தம்பி இருக்கு? பால் குடிக்கற குழந்தையை எழுப்பிக் கேட்டாலும் சொல்லும்."

மேடத்தின் முகம் மலர்ந்தது. "பாத்தீங்களா? முழுப் படத்தையும் பாக்காம எங்க ஆள் ஒரு வரி எழுத மாட்டார்."

இயக்குநர் நாற்காலியை விமர்சகரின் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பேனா மூடியைத் திறந்தார். அவர் கண்ணில் நீர் திரண்டிருந்தது, இது நிஜக் கண்ணீர்.

"சொல்லுங்க சார், எழுதிக்கறேன். இடைவேளைக்கு அப்புறம் நாங்க இன்னும் எதுவுமே எடுக்கல!"