தேங்காய் நின்ற இடம்

"ஒரு அங்குலம் விடமாட்டேன் மாமி! சர்வேயர் வர்றான். கல்லு நட்டு, முள்கம்பி இழுத்துட்டுத்தான் மறுவேலை!"

மோசஸ் போட்ட சத்தத்தில், கல்பகத்தின் கையிலிருந்த அரைக்குடம் தளும்பியது.

ஜீடிமெட்லா போகிற வழியில், தொழிற்சாலை ஊழியர்களுக்கென்று மனை பிரித்த காலனி. மோசஸ் ரிடையரான ஃபோர்மன். மெஷின் இரைச்சலுக்கு மேல் கத்திக் கத்தியே தொண்டை அப்படி ஆகிவிட்டது. இப்போதுதான் தன் மனையில் கடைக்கால் தோண்டியிருந்தார்.

பக்கத்து வீடு கல்பகம். இரண்டு மனைக்கும் நடுவில், எல்லை தெரியாமல் நின்றது ஒரு கிணறு. அவள் கணவர் ராமசுவாமி காலமாவதற்கு முன் வெட்டியது. காலனிக்குக் குழாய் இன்னும் வரவில்லை. சித்திரை வெயில் வேறு.

"அது எங்க கிணறு, மோசஸ் சார்."

"அளந்தா தெரியும்! ராமசுவாமி சார் டேப்பு வெச்சா வெட்டினாரு? தண்ணி பாக்கறேன்னு எவனோ உள்ளங்கையில தேங்காயை வெச்சுக்கிட்டு நடந்தான். அது எழுந்து நின்ன இடத்துல வெட்டிட்டாரு. தேங்காய்க்குப் பட்டா படிக்கத் தெரியுமா?"

"அவர் அடுத்தவா மண்ணைத் தொடறவர் இல்லை!" கல்பகத்துக்குக் குரல் உடைந்தது.

"அப்ப எதுக்குப் பயம்? என் பக்கம் வந்துச்சு, மூடிட்டு ஹால் கட்டிருவேன்."

எதிர்வீட்டு பாமா வாசலில் நின்று முணுமுணுத்தாள். "ஞாயித்துக்கிழமையானா பைபிளைத் தூக்கிண்டு போறதுல மட்டும் குறைச்சல் இல்லை!"

சர்வேயர் வந்தார். அளவுச் சங்கிலி இழுத்தார். கல்பகம் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள்.

எடுத்த எடுப்பிலேயே தகராறு. கறிகாய்க்காரனிடம் பேரம் பேசுவதுபோல மோசஸ் கையை ஆட்டினார், சங்கிலியைப் பிடுங்கினார், சர்வேயரின் சட்டையைக்கூடப் பிடித்தார்.

"நக்கோ சாப்! வேண்டாம் சாப்!" என்று சர்வேயர் அலறியது மட்டும்தான் இவளுக்குக் கேட்டது.

பாவி, அளவையே வளைக்கிறானே! இனி ஒரு வாய்த் தண்ணீருக்கு யார் வாசலில் போய் நிற்பது?

கல் நட்டார்கள். அவள் தயங்கித் தயங்கி வெளியே வந்தாள்.

கல் கிணற்றுக்கு அந்தப் பக்கம் நின்றது.

"பாத்துக்குங்க மாமி. கிணறு உங்க பக்கம். பொழைச்சீங்க, போங்க!" மோசஸ் எரிந்து விழுந்தார்.

கல்பகத்தின் தலை நிமிர்ந்தது. "நான்தான் சொன்னேனே! எங்காத்துக்காரரைப் பத்தி என்னவெல்லாம் பேசினேள்? இனிமேலாவது நாக்கை அடக்குங்கோ!"

"சரி, சரி" என்று மோசஸ் மணல் குவியலுக்குப் பின்னால் போனார். அங்கே அவர் மனைவி டோரிஸ் சர்வேயருக்கு டீ ஊற்றிக்கொண்டிருந்தாள்.

சர்வேயர் தலையில் அடித்துக்கொண்டார். "நமக்குக் கொஞ்சம் சேர்த்துப் போடுன்னு சண்டை போடுவாங்கம்மா. குறைச்சுப் போடுன்னு சட்டையைப் பிடிச்ச மனுஷனை இன்னிக்குத்தான் பாக்கறேன். கிணறு மொத்தமும் உங்க மண்ணு!"

டோரிஸ் கணவரை முறைத்தாள். "அப்ப நம்ம ஹாலு?"

"சின்னதாக் கட்டுவோம். ஜெபக்கூட்டத்துக்கு வர்றவங்க நெருக்கி உக்காரட்டும்."

"அதை நல்ல வார்த்தையாச் சொல்லிக் குடுத்திருக்கலாமே? அந்தம்மாவை ஏங்க அழ வெச்சீங்க?"

நட்ட கல்லுக்கு அப்பால் ராட்டினம் கிறீச்சிட்டது. யாரையோ வாய் ஓயாமல் வைதபடி, கல்பகம் பெரிய குடம் நிறைய இறைத்துக்கொண்டிருந்தாள்.

மோசஸ் அன்று முதல்முறையாகக் குரலைத் தாழ்த்தினார்.

"நாம கடைக்கால் தோண்டுன நாள்லருந்து, திருடற மாதிரி அரைக்குடம் அரைக்குடமா எடுத்துச்சு அந்தம்மா. குடுத்தேன்னு சொன்னா, புருஷன் அடுத்தவன் மண்ணுல வெட்டினாருன்னு ஆயிரும். அந்த அரைக்குடமும் எடுக்காது. இப்பப் பாரு, என்னைத் திட்டிக்கிட்டே எப்படி இறைக்குது!"