காதுக்குப் பின்னால் நிழல்

“இதையும் திருப்பிட்டாங்க.”

அவள் போட்டோ கவரை மேசை மேல் வைத்தாள். போட்டோக்காரர் அதைத் தொடவில்லை. மானம் போனது போதாதென்று அதைக் கையில் எடுத்து வேறு பார்க்க வேண்டுமா?

முப்பத்தோரு வருஷத் தொழில். அவர் எடுத்த பாஸ்போர்ட் படத்தை எந்த ஆபீசும் திருப்பி அனுப்பியதில்லை. ‘இது என் மூஞ்சியே இல்லை’ என்று ஆட்கள் சண்டைக்கு வந்ததுண்டு. அது அவரவர் மூஞ்சியின் குற்றம். இப்போது ஒரே மாதத்தில் இரண்டு தடவை. அதுவும் ஒரே முகம்.

“என்ன காரணமாம்?”

“அதேதான். காதுக்குப் பின்னால நிழல்.”

சொல்லிவிட்டு, கூப்பிடாமலே உள்ளே போய் வெள்ளைத் திரைக்கு முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்தாள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தாள். முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கினாள். இரண்டு காதும் தெரிய வேண்டும், பல் தெரியக் கூடாது. விதியெல்லாம் அவளுக்கும் மனப்பாடமாகிவிட்டது.

பதினாறு வருஷம் அவருக்கு மனைவியாக இருந்தவள். பிரிந்து ஒன்பது வருஷம்.

வெளிநாட்டில் வேலை பார்க்கும் மகள், என்னோடேயே வந்து இருந்துவிடு என்று அம்மாவைக் கூப்பிட்டிருக்கிறாள். விசா கிடைத்ததும் கிளம்பிவிடுவாள். திரும்பி வருகிற பேச்சே இல்லை. மற்ற காகிதமெல்லாம் தயார். பாக்கி இந்தப் போட்டோதான்.

இதே தெருவில் இன்னும் மூன்று ஸ்டூடியோ இருக்கின்றன. இங்கே ஏன் வந்தாய் என்று முதல் நாளே கேட்டுப் பார்த்தார். “பழகின கடை” என்றாள். கத்தரிக்காய் வாங்க வந்தவள் மாதிரி.

பிரிந்ததற்கும் பெரிய காரணம் ஒன்றுமில்லை. ஊரார் வீட்டு விசேஷம் ஒன்றைக்கூட அவர் விட்டதில்லை. சொந்த வீட்டு விசேஷம் ஒன்றுக்குக்கூட வந்ததில்லை. வந்தது ஒரே ஒரு விசேஷத்துக்கு, அவருடைய கல்யாணத்துக்கு. அதிலும் படம் எடுக்க வந்தவரோடு லைட்டை எங்கே வைப்பதென்று மல்லுக்கு நின்றார். ஆல்பம் முழுக்க அவள் மாப்பிள்ளையைப் பார்க்கிறாள், மாப்பிள்ளை லைட்டைப் பார்க்கிறார்.

இப்போது பார்த்தார், கேமரா வழியாக.

மூக்கின் இரண்டு பக்கமும் கண்ணாடி அழுத்திய தடம். அது புதுசு. காதோரம் நரை. அதுவும் புதுசு. ‘இன்னுமா ஆகலை?’ என்று இடது புருவத்தை மட்டும் தூக்குவது பழசு.

கண்ணாடி இல்லாமல் இந்தத் தூரத்தில் அவர் அவளுக்கு வெறும் கலங்கல். அந்தத் தைரியத்தில் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார். ஒரு பெண்ணை இவ்வளவு நேரம் வெறித்துப் பார்த்தும் அடி வாங்காமல் இருப்பதற்காகவே இந்தத் தொழிலுக்கு ஒரு கும்பிடு போடலாம்.

‘போகாதே’ என்ற சொல் தொண்டை வரை வந்தது.

“தாடையைக் கொஞ்சம் இறக்கு” என்றார்.

இறக்கினாள். “பதினாறு வருஷமும் இதத்தான சொன்னீங்க, போட்டோக்காரரே.”

“சிரிக்காத.”

“உங்களப் பார்த்தா சிரிப்பு வேற வருதாக்கும்” என்றாள், சிரித்துக்கொண்டே.

சிரிப்பு அடங்குகிற வரைக்கும் காத்திருந்தார். அடங்காமலே இருந்தாலும் அவருக்கு ஆட்சேபணை இல்லை. அடங்கியது. எடுத்தார்.

முதல் தடவை நடந்ததை அவர் யாரிடமும் சொல்லவில்லை. அன்று இடது லைட்டை வேண்டுமென்றே ஒரு சாண் நகர்த்தி வைத்து எடுத்தார். காதுக்குப் பின்னால் பிறை மாதிரி மெல்லிய நிழல். நம் கண்ணுக்குத் தெரியாது, ஆபீஸ் கண்ணுக்குத் தப்பாது. காரணம் அச்சடித்த கடிதத்தோடு படம் ஒழுங்காகத் திரும்பி வந்தது. அவளும் வந்தாள்.

ஆனால் அவள் முகத்தைப் பார்த்ததும் மனசு குத்திவிட்டது. இரண்டாம் தடவை லைட்டை டேப் பிடித்து அளந்து வைத்தார். பிரிண்டைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். நிழல் மருந்துக்குக்கூட இல்லை. நல்லபடியாகப் போய்ச் சேரட்டும் என்று கவரை ஒட்டி, ஒட்டிய இடத்தின் மேல் ஸ்டூடியோ முத்திரையும் குத்திக் கொடுத்தார்.

அது எப்படித் திரும்பும்?

கை நடுங்கியிருக்கும். கண் மங்கியிருக்கும். ஆசை ஒரு பக்கம் இழுக்க, லைட் தானாக நகர்ந்திருக்கும். தன்னைத் திட்டிக்கொண்டே, பழையதைக் கூடையில் போட்டுவிடலாமென்று மேசைக்கு வந்து கவரை எடுத்தார்.

ஒட்டியது ஒட்டினபடியே இருந்தது.

மேலே அவர் குத்திய முத்திரை, பாதி மடிப்பிலும் பாதி கவரிலுமாக, கிழியாமல் முழுசாக. மூலைகள் மட்டும் நைந்திருந்தன, பல நாள் கைப்பைக்குள்ளேயே கிடந்த மாதிரி.

கடிதம் எதையும் இந்தத் தடவை அவள் கொண்டு வரவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

திரும்பிப் பார்த்தார். படம் எடுத்து முடித்தாகிவிட்டது, அவள் இன்னும் ஸ்டூலை விட்டு எழுந்திருக்கவில்லை. மூக்குக்கண்ணாடியை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள். அதில் துடைக்க ஒன்றும் இல்லை.

கவரைக் கூடையில் போடவில்லை. இழுப்பறையில் வைத்து மூடினார். உள்ளே போய், இடது லைட்டை ஒரு சாண் நகர்த்தினார்.

“இன்னொன்னு எடுத்துக்கலாம். இப்ப எடுத்ததுல நிழல் விழுந்திருக்கு.”

எங்கே காட்டுங்கள் என்று அவள் கேட்கவில்லை.

கண்ணாடியை மடியில் வைத்துவிட்டு, அவர் சொல்வதற்கு முன்பே தாடையை இறக்கிக்கொண்டாள்.