மூன்றும் பிழை

மகளின் கொப்பியோடு வகுப்புக்குள் நுழைந்த மீனவர் வினாயகமூர்த்திக்குக் கோபத்தில் மூச்சு வாங்கியது.

"என்ன சேர் இது? 'கிவ்' எண்ட சொல்ல வச்சி மூண்டு வசனம் எழுதச் சொன்னீங்களாம். மூண்டுக்கும் பிழை போட்டிருக்கீங்க. சுனாமிக் கடல் அடிச்சதில இருந்து கூடாரத்துக்குள்ள கிடந்து படிக்கிற புள்ள. சாப்பிடாம அழுகிறா. எது பிழை? தகப்பனுக்கு இங்கிலீசு தெரியாதெண்டு சும்மா கீறுறதா?"

ஆசிரியர் சுதாகரன் குரலைத் தாழ்த்தினார்.

"இங்கிலீசில ஒரு பிழையும் இல்ல. தோணி உதவி செய்த நிறுவனத்து வெள்ளைக்காரர் நாளைக்கு வாறாங்க. புள்ளைகள் அவங்களுக்கு முன்னால வாசிக்கோணும். இத எப்பிடி வாசிக்க விடுற?"

"அப்பிடி என்னதான் எழுதியிருக்கா?"

ஆசிரியர் தயங்கித் தயங்கித் தமிழில் சொன்னார்.

"போட்டோ எடுப்பதற்காக அப்பாவிடம் ஒரு தோணியைக் கொடுத்தார்கள். அடுத்த போட்டோவுக்கு அதே தோணியைப் பக்கத்துக் கூடாரத்து மாமாவிடம் கொடுத்தார்கள். இன்றுவரை ஒருவருக்கும் தோணி கொடுக்கவில்லை."

வினாயகமூர்த்தி பிள்ளைகளின் வாங்கில் உட்கார்ந்து, கொப்பியை விரித்து வைத்தார்.

"மூண்டையும் இங்கிலீசில எனக்குச் சொல்லித் தாங்க சேர். நாளைக்கு நான் வாசிக்கிறன்."