கடைசித் திருப்பம்

குதிரைப் பந்தய மைதானத்தில் வர்ணனையாளர் தேவசகாயத்தின் குரல் ஒருநாளும் நடுங்கியதில்லை. அவர் பேர் வாங்கியதே அதனால்தான். தூரத்தில் வரும் குதிரைகளை, மேலே இருப்பவனின் சட்டை நிறத்தை வைத்துத்தான் அடையாளம் சொல்வார். அன்று கடைசித் திருப்பத்தில் மஞ்சள் சட்டை விழுந்து உருண்டதைத் தொலைநோக்கியில் பார்த்தார். விழுந்தவனைப் பற்றிப் பேச நின்றால் முன்னால் ஓடுகிற குதிரை கைநழுவிப் போகும். அவர் வாய் நிற்கவில்லை. கூட்டம் ஆர்ப்பரித்தது.

ஆஸ்பத்திரியில் அந்த ஜாக்கி கண்மூடிக் கிடந்தான். பக்கத்தில் அவன் மனைவி ரெஜினா.

"வீட்ல போன்ல உங்க குரலைத்தான் சார் கேட்டுக்கிட்டிருந்தேன். திருப்பத்துக்கு அப்புறம் இவரு குதிரை சில்வர் ஆரோ பேரே வரல. இன்னைக்கும் பின்தங்கிட்டாருன்னு வாய்க்கு வந்தபடி திட்டிக்கிட்டிருந்தேன்."

தேவசகாயம் தரையைப் பார்த்தார்.

"நீங்க கூப்பிடுங்க சார். உங்க குரலுக்கு எழுந்திருப்பாரு."

அவன் பெயர் அவருக்குத் தெரியாது. இத்தனை வருஷமும் குதிரையின் பெயரைத்தானே கூவியிருக்கிறார்! குனிந்து, அவன் காதருகே, மைக்கில் சொல்வதுபோலவே சொன்னார்: "இதோ, சில்வர் ஆரோ முன்னேறுகிறது..."

போர்வைமேல் கிடந்த விரல்கள் கடிவாளத்தைப் பிடிப்பதுபோல மெல்ல மடங்கின. ரெஜினா வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் வர்ணனையிலேயே குதிரையை இன்னும் விரட்டினார். விரல்கள் இறுகின. கடைசித் திருப்பம் நெருங்கியது. தேவசகாயத்தின் குரல் நடுங்கியது.

"நிறுத்தாதீங்க சார்," என்றாள் ரெஜினா.