வயதுப்படி ஒரு சஹன்

தம்பியின் வலீமா கல்யாண விருந்தில், ஆறு பேர் சுற்றியிருந்து சாப்பிடும் ஒவ்வொரு சஹன் தட்டுக்கும் யாரை இருத்துவதென்று அஸ்ஜத் எழுதிய கணினி நிரல்தான் தீர்மானித்தது. விருந்தாளிகளை வயதின் இறங்குவரிசையில் அடுக்கினான். முதல் சஹனில் மூத்தவர்கள் ஐவர். ஆறாவதாகத் தன் பெயரைச் செருகிக்கொண்டான்.

"பெரியவங்களுக்கு என்ட மகன் வெச்சிரிக்கிற மரியாதயப் பாருங்க!" என்று வாப்பா நெகிழ்ந்தார்.

மரியாதையாவது! பல்லில்லாத ஐவரோடு உட்கார்ந்தால் இறைச்சி முழுக்கத் தனக்கே என்று கணக்குப் போட்டிருந்தான் அந்த மென்பொருள் மேதை.

சஹன் வந்தது. அவன் பிஸ்மி சொல்லி முடிக்குமுன் ஐந்து கைகளும் இறைச்சியில் விழுந்தன.

"இறைச்சி பஞ்சாட்டம் வெந்திருக்கு, பல்லே தேவல்ல," என்றார் மூத்தவர். "எங்க அஞ்சு பேருக்கும் சீனி வருத்தம், மனே. சோறு தின்னப்படாதெண்டு டொக்டர் சொல்லிட்டார். சோறு முழுக்க உங்களுக்குத்தான்."