குறையாத அளவு

லாரிக்காரர் கொண்டுவந்த கிராங்க்ஷாஃப்டை, எஞ்சினைச் சுழற்றும் அந்த இரும்புத் தண்டை, மூன்றாம் நாளாகக் கிரைண்டிங் மெஷினில் ஏற்றினார் பட்டறைக்காரர். தினமும் கால் மில்லிமீட்டர் தேய்த்து, அளந்து, எண்ணெய் தடவி வைத்துவிட்டுப் போவார். மறுநாள் காலையில் அளந்தால் தேய்த்த சுவடே இல்லாமல் பழைய அளவுக்குத் திரும்பியிருக்கும். நின்று நின்று அவருக்குக் கால் கடுத்தது. உடம்பில் சத்தே இல்லை.

"வண்டி ஓடலைன்னா என் பொழப்பே நின்னுடும்ண்ணே," என்றார் லாரிக்காரர்.

"இப்ப அளவு சரியா இருக்கு. இங்க வைக்க வேணாம் தம்பி, கையோட எடுத்துட்டுப் போய் மாட்டிடு."

மறுநாள் லாரி ஓடத் தொடங்கிவிட்டது. அன்று சாயங்காலம் பட்டறைக்காரர் வீட்டில் கை கழுவும்போது, சோப்பு போட்டாலும் கழலாத கல்யாண மோதிரம் தொட்டியில் விழுந்தது.

"என்னங்க, மூணே நாள்ல இப்படி இளைச்சுட்டீங்க?" என்றாள் மனைவி.

அவர் மோதிரத்தை எடுத்துக் கட்டைவிரலில் போட்டுப் பார்த்தார். அதிலிருந்தும் கழன்று விழுந்தது.