செடி நிற்கிறதா

நாற்றம் கழிவுநீர்க் குழாயிலிருந்துதான் வருகிறது என்று நான் கத்திக்கொண்டிருந்தேன். பூட்டை உடைக்க வந்தவர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

சிடுமூஞ்சி என்று தெருவே கூப்பிடும் பெரியவர் தனியாக இருக்கும் மாடி வீடு அது. பக்கத்து வீட்டுக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு, ஆள் போய்ச் சேர்ந்திருப்பார், இன்னும் எத்தனை தடவை தட்டுவது என்றார்.

எனக்கு வந்ததே கோபம். போய்ச் சேர்ந்தவர் எழுந்து வந்து செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறாரா என்று கேட்டேன்.

எதிர் மாடியில் தையல் மெஷின் போட்டிருப்பவள் நான். இவருடைய பால்கனியைப் பார்ப்பதும் என் தலையில்தான் விழுந்திருந்தது.

அவர் போனை எடுக்க மாட்டார். நான் செத்தால் சொல்லி அனுப்புவார்கள், அதுவரை சும்மா இரு என்று பெற்ற மகளிடமே எரிந்து விழுந்தவர்.

அவள் வெளியூரில் நாற்றுப் பண்ணையில் வேலை செய்கிறவள். ஒருமுறை வந்தபோது காசித்தும்பைச் செடி ஒன்றைத் தொட்டியோடு பால்கனியில் வைத்துவிட்டுப் போனாள். குடிக்கிற தண்ணீரையெல்லாம் இலை வழியாகவே விட்டுவிடுமாம் அது. ஒருநாள் ஊற்றாவிட்டால் தலை தொங்கிவிடுமாம். செடி நின்றால் அப்பா நடமாடுகிறார் என்று அர்த்தம், தினமும் பார்த்துச் சொல்லுங்கள் அக்கா என்றாள். ஆனால் மதியத்தில் பார்க்கக் கூடாது. வேர் இழுப்பதைவிட வெயிலில் இலை விடுவது அதிகம், தளரத்தான் செய்யும், சாயங்காலம் தானாக நிமிர்ந்துவிடும். காலையிலும் தொங்கினால்தான் கவலைப்பட வேண்டும்.

அப்படியே பார்த்தேன். என் வீட்டுக்காரர் முகத்தைக்கூட நான் அவ்வளவு அக்கறையாகப் பார்த்ததில்லை. கிழவருக்கு இந்த வேவு தெரியாது என்று நினைத்து உள்ளுக்குள் சிரித்துக்கொள்வேன்.

இப்போது அவளுக்கு நிறைமாதம். பயணம் கிடக்கட்டும், படுக்கையை விட்டே எழுந்திருக்கக் கூடாது, எழுந்தால் இரண்டு உயிருக்கும் ஆபத்து என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்தச் சேதியைப் பெரியவரிடம் சொன்னவள் நான்தான். கேட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். கல் நெஞ்சுக்காரர் என்று திட்டிக்கொண்டே படி இறங்கினேன்.

தினமும் காலையில் அவளிடமிருந்து போன் வரும். தினமும் பார்த்துத்தான் சொன்னேன், ஒருநாளும் பொய் சொல்லவில்லை. நேற்று பூகூட விட்டிருந்தது.

பூட்டில் அடி விழுந்துகொண்டிருந்தபோதே இன்றைய போனும் வந்தது.

"செடி நிக்குதுல்ல அக்கா?"

நிக்குதும்மா, நீ பதறாதே என்றேன்.

பூட்டு தெறித்தது. பக்கத்து வீட்டுக்காரர் ஒரு எட்டு உள்ளே வைத்துவிட்டுத் திரும்பி ஓடினார்.

பெரியவர் நாற்காலியில் இருந்தார். உயிர் போய்ப் பல நாள் ஆகியிருந்தது. அந்த முகம் யாரும் பார்க்கக் கூடாத முகம்.

எனக்கு ஆத்திரமெல்லாம் செடிமேல் திரும்பியது. அவரே போன பிறகு உனக்கு என்ன பூ என்று பிடுங்கி எறியத்தான் பால்கனிக்குப் போனேன்.

கைப்பிடிச் சுவருக்குக் கீழே, என் வீட்டிலிருந்து தெரியாத இடத்தில், பலகைமேல் ஒரு பெரிய வாளி இருந்தது. அதன் தண்ணீருக்குள்ளிருந்து துணித் திரி ஒன்று வந்து தொட்டி மண்ணுக்குள் புதைந்திருந்தது. பழைய பனியனைக் கையாலேயே கிழித்து, இறுக்கமாக முறுக்கிய திரி. செடி குடிக்கக் குடிக்க அது மண்ணை நனைத்துக்கொண்டே இருந்திருக்கிறது. வாளியில் இன்னும் கால்வாசித் தண்ணீர் கிடந்தது.

என்னக்கா, என்னக்கா என்று போனில் அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். அப்பாவைப் பற்றிச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. வாளியையும் திரியையும் பற்றி மட்டும் சொன்னேன்.



"இது வாடுச்சுன்னு தெரிஞ்சா, எந்த நிலைமையில இருந்தாலும் கிளம்பி வந்துடுவேன்னு அப்பாகிட்ட சொல்லியிருந்தேன் அக்கா."